ஒரு வாய்க்கு அறுபத்து நான்கு போதும்

‘ஒலித்தர மதிப்பீட்டாளர், முதல் நிலை: இரு செவிகளிலும் குறைவற்ற கேள்திறன் உடையவர், ஒலிப் பொறியியலில் பட்டம் பெற்றவர், நிபுணர் குழுவின் முடிவுகளை ஐயமின்றி நிறைவேற்றுபவர்.’

பேசும் நூலகத்தின் பணிவிவரக் குறிப்பு இப்படிச் சொல்கிறது. அந்த நாற்காலியில் ஒன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு இடது காது ஐந்து வயதிலேயே சீழ் பிடித்துப் போய்விட்டது. படித்தது தட்டச்சு. ஐயப்படுவதோ பிறவிக் குணம். தட்டச்சர் பணியிடத்தை ஒழித்த அன்று காலியாகக் கிடந்த ஒரே நாற்காலி அது என்பதால் அதில் உட்கார வைத்தார்கள். அலுவலகங்களில் தகுதி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

பேச வருகிறவர்கள் வலப்புறம் வந்து நிற்க வேண்டும் என்பதால் வலப்பக்கத்தம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். கோபம் வந்தால் மனைவியின் இடப்புறமாக நின்று திட்டித் தீர்த்துவிடுவார். அவருக்கு மனம் ஆறிவிடும், அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. “இருபத்தாறு வருஷம் குடும்பம் ஓடினதுக்கு அந்தக் காதைத்தான் கும்பிடணும்” என்று அவரே ஒப்புக்கொள்வார்.

நூலகத்தின் வேலை, பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து மெமரி கார்டில் இரவல் கொடுப்பது. பதிந்த பைல் யானைக் கனம் இருக்கும். அமுக்கினால்தான் கார்டுக்குள் நுழையும். பிட்ரேட் என்ற எண்ணைக் குறைத்தால் பைல் சிறுக்கும், குரல் கெடும். கூட்டினால் குரல் தேறும், பைல் ஊதிவிடும். எந்த எண் சரி என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்வது உலக வழக்கம். இயக்குநர் சுற்றறிக்கையால் முடிவு செய்தார். ஒவ்வொரு கார்டிலும் பாதி இடம் எதிர்காலத் தேவைக்காகக் காலியாக இருக்க வேண்டுமாம், ஆகவே முப்பத்திரண்டு. அதுவும் ஸ்டீரியோ, அதாவது இடது காதுக்கு ஒரு தடம், வலது காதுக்கு ஒரு தடம். ஒரே தடமுள்ள மோனோ என்றால் பார்ப்பதற்கு ஏழைத்தனமாக இருக்கும் என்பது அவர் கொள்கை. ஒலியை யார் பார்க்கிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அமுக்கி முடித்ததும் மூலப் பதிவுகளை அழித்துவிடவும் உத்தரவு.

ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தி, கண் தெரியாதவள், துறைத் தேர்வுக்காக நூற்று முப்பது மணி நேர விதிப் புத்தகங்களை வாங்கிப் போனாள். மறுநாளே போன்.

“அக்கா, இந்த ஆளு குடத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டு வாசிக்கிறாரா?”

“அவர் நல்லாத்தான்டி வாசிச்சாரு. நாங்கதான் அமுக்கி வச்சிட்டோம்.”

“அமுக்கினீங்களா, மிதிச்சீங்களா? ஒரு வரிய நாலு தடவ கேக்க வேண்டியிருக்கு. இன்னும் இருபத்தோரு நாள்தான்க்கா இருக்கு. இது மூணாவது தடவ. இதுல விட்டா அப்புறம் எழுதவே விடமாட்டாங்க.”

அம்மாள் புகாரை எழுதி இயக்குநரிடம் நீட்டினார். இயக்குநருக்கு ஒரு நொடியில் தீர்வு பிறந்தது. “இருக்கிற பைலையே முந்நூத்தி இருபதுக்கு மாத்திடுங்கம்மா. அதுக்கு மேல தரமே கிடையாது.”

“சார், சாறு பிழிஞ்ச சக்கைய பெரிய அண்டாவுல போட்டா சாறு வந்துருமா? மூலப் பதிவுலேருந்துதான் மறுபடி எடுக்கணும். அதுவும் ஸ்டீரியோ வேணாம். ஒரு ஆளு, ஒரு வாய், ஒரு மைக். இதுல இடது எது, வலது எது? ஒரே பேச்ச ரெண்டு தடவ எழுதி வச்சிட்டு, இடம் பத்தலன்னு எழுத்தப் பொடிசாக்கினா யாரால படிக்க முடியும்?”

“ஒத்தக் காத வச்சுக்கிட்டு ஸ்டீரியோவப் பத்திப் பேசுறீங்களேம்மா! நிபுணரக் கூப்பிட்டிருக்கேன். அவர் சொல்லட்டும். மூலப் பதிவுதான் எப்பவோ அழிச்சாச்சே?”

அம்மாள் எதையும் அழித்திருக்கவில்லை. மூலப் பதிவுகள் அனைத்தும் ‘பழைய வருகைப் பதிவேடு’ என்று சீட்டு ஒட்டிய ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தன. அந்தப் பெயருள்ள எதையும் எந்த அதிகாரியும் திறக்க மாட்டார் என்று அனுபவம் சொல்லியிருந்தது.

மூன்றாம் நாள் நிபுணர் வந்தார். தேங்காய் மூடி பருமனில் இரண்டு குமிழ்கள் வைத்த ஹெட்போன் கழுத்தில். முகத்தில், மற்றவர்களுக்குக் காது இருப்பது வீண் என்ற இரக்கம். அம்மாள் இரண்டு மாதிரிகளை ஓடவிட்டார். முதலாவது, இயக்குநர் சொன்னபடி சக்கையிலிருந்து செய்த முந்நூற்றிருபது ஸ்டீரியோ. இரண்டாவது, மூலப் பதிவிலிருந்து எடுத்த அறுபத்து நான்கு மோனோ. எது எது என்று சொல்லவில்லை; இயக்குநரும் நிபுணரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர் என்று ஆகிவிடுமே.

“முதல் மாதிரி படுமோசம். சாக்குக்குள்ளேருந்து வருது. யாரோ முப்பத்திரண்டுல அமுக்கினது” என்றார் நிபுணர்.

“காதுன்னா இது காது!” என்றார் இயக்குநர்.

“ரெண்டாவதுதான் முந்நூத்தி இருபது. ஸ்டீரியோ. கண்ண மூடிக் கேளுங்க. இடப்பக்கம் ஒரு விரிவு, வலப்பக்கம் ஒரு விரிவு. நடுவுல அந்த மனுஷன் நிக்கிறான் பாருங்க!”

இயக்குநர் கண்ணை மூடி, நிற்கிற மனிதனைப் பார்த்தார். வலப்பக்கத்தம்மாளுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் நிபுணருக்கு ரோஷம் வரும். ரோஷத்துக்கு இன்னொரு குழு, குழுவுக்கு இன்னொரு மாதம். ஆபரேட்டருக்கு மீதி பதினெட்டு நாள். உண்மை திரும்பிப் போயிற்று.

“அப்ப ரெண்டாவது மாதிரி எப்படி இருக்கோ அப்படியே எல்லாத்துக்கும் வச்சிக்கலாங்களா சார்? அதுக்கு ஒரு கையெழுத்து.”

இருவரும் போட்டார்கள். ‘இயக்குநரின் இடையறாத முயற்சியால் நூலகம் உச்சத் தரத்தை எட்டியது’ என்று ஆண்டறிக்கை பிற்பாடு எழுதிற்று. நிபுணருக்கு ஒரு பொன்னாடையும் உண்டு.

கையெழுத்தான அன்று மாலையே வலப்பக்கத்தம்மாள் நூற்று முப்பது மணி நேரத்தையும் மூலப் பதிவிலிருந்து அறுபத்து நான்கு மோனோவாக மாற்றக் கணினியை ஓடவிட்டார்; மறுநாள் ஒவ்வொரு பைலையும் அங்கங்கே திறந்து கேட்டு, ஒரே கார்டில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் ஆபரேட்டர் கையில் கொடுத்தார்.