கண்ணாடியில் நேராக நின்றவள்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில் கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். இதை எனக்குச் சொன்ன செங்கல்வராயனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் சித்தூர் பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்து புக்கிங் கிளார்க்காகவே ரிடையர் ஆகியிருக்க மாட்டார். அவர் துணியில் சுற்றி வைத்திருந்த அந்தக் கண்ணாடித் தகட்டை நானே கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி ஆறு வருஷம் ஆகியிருந்த சமயம். சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ரயிலை மறித்து, போர்டில் தார் பூசி, சண்டை போட்டு ஓய்ந்து, கடைசியில் எல்லைக்கோடு முடிவாகிவிட்டது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் பஸ் ஸ்டாண்டில் எப்போதும் பேச்சு. செங்கல்வராயனுக்கு அதில் அக்கறையே கிடையாது. அந்தச் சண்டையைக்கூட அவர் போட்டோ எடுக்கத்தான் போய்ப் பார்த்தார். தடியடி நடக்கிற இடத்தில் நின்று, “கொஞ்சம் வெயில் பக்கம் திரும்புங்க” என்று சொன்னால் யார் சும்மா விடுவார்கள்? முதுகில் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்.

முதலில் ஒரு பெட்டிக் கேமரா வைத்திருந்தார். திருமலைப் படிக்கட்டு, மொட்டை போட்ட குழந்தைகள், பங்காருபாளையத்து மாம்பழ வண்டிகள், எதையும் விடமாட்டார். பிறகு திருப்பதியில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து பெரிய மரக் கேமரா ஒன்றை வாங்கி வந்தார். முக்காலி, பித்தளை லென்ஸ், கறுப்புத் துணி, ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு. கேமராவின் முதுகுப் பக்கம் ஒரு பால் கண்ணாடி இருக்கும். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் எதிரே இருப்பதெல்லாம் அந்தக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும். மனிதர்களுக்குக் கால் மேலே, தலை கீழே. அந்த வகைக் கேமரா எல்லாமே அப்படித்தான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கவலை. தங்கை வெங்கடலட்சுமிக்கு இருபத்தாறு வயசாகியும் வரன் அமையவில்லை. அப்பாவும் இல்லை. அந்த நிலையில்தான் நகரிக்குக் கிழக்கே ஒரு ஊரிலிருந்து கேட்டு வந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வேதாச்சலம் என்கிற பெரிய விவசாயி. அவர் மனைவி பொன்னியம்மாள். ஒரே பிள்ளை தாமோதரன். இரண்டாம் தாரம்தான். முதல் மனைவி சுலோசனா தாய் வீட்டுக்குப் போன இடத்தில் வைசூரி கண்டு இறந்துவிட்டாள் என்றார்கள். குழந்தை கிடையாது. அம்மா உடனே திருமலைக்குக் காசு முடிந்து வைத்தாள்.

ஐப்பசியில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். பெரிய வீடு, பெரிய பந்தி. பாயசம் பரிமாறும்போது கொல்லைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக்... டொக்... டொக். கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். “இன்னா சத்தம் அத்தை?” என்று செங்கல்வராயன் கேட்டார். “அம்மி கொத்துறவன் வந்துக்கிறான் தம்பி. நீங்க துன்னுங்க” என்றாள் பொன்னியம்மாள். அதற்கு இவர் ஏதோ கிண்டலாகச் சொன்னார். பந்தி முழுக்கச் சிரித்தது. சத்தம் நின்றுவிட்டது. வைகாசியில் திருமலையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

மாசி மாதம் வேதாச்சலம் இறந்துபோனார். அந்த ரூட்டில் பஸ் ஓட்டும் பச்சையப்பன்தான் செய்தி கொண்டுவந்தார். கேமராவோடு வரச் சொன்னார்களாம். உயிரோடு இருந்தவரை படமே எடுத்துக்கொள்ளாதவரைச் செத்த பிறகாவது நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துவிடுவது அப்போது எல்லா வீட்டிலும் உண்டு. சம்பந்தி வீட்டுப் பிள்ளையே போட்டோ பிடிக்கிறவர் என்றால் கேட்க வேண்டுமா?

அவர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வெளியே கண் கூசியது. உள்ளே கூடம் இருட்டு. “கொல்லையில வேப்பமர நெழலு நல்லாக்கீது அத்தை. அங்க நாற்காலி போட்டா படம் தெளிவா வரும்” என்றார்.

“கொல்ல வேணா!”

பொன்னியம்மாள் கத்தியே விட்டாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குரலைத் தணித்து, “இங்கியே எடுத்துடு தம்பி” என்றாள். செங்கல்வராயன் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தார். வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு வைக்கோல் போர். நெருப்புப் பிடித்தால் வீடே போய்விடும். இத்தனை காலம் விவசாயம் செய்தவர்கள் அங்கேயா போர் போடுவார்கள்? எழவு வீட்டில் இதைக் கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டார்.

நாற்காலியில் வேதாச்சலத்தை உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டினார்கள். தாடையில் ஒரு கட்டு, நெற்றியில் காசு. வலப்பக்கம் பொன்னியம்மாள். இடப்பக்கம் தாமோதரன். பின்னால் பங்காளிகள் நாலு பேர். கூடத்து வெளிச்சத்துக்கு நாலு செகண்டு லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும். நாலு செகண்டு யாராலும் கல் மாதிரி நிற்க முடியாது. மூச்சு விட்டாலே படத்தில் லேசாகக் கலங்கும். செத்தவர் மட்டும்தான் தெளிவாக விழுவார்.

துணிக்குள் தலையை விட்டார். உள்ளே இருட்டு, பழைய துணி வாசனை. கண்ணாடியில் கூடம் தலைகீழாகத் தொங்கியது. பொன்னியம்மாள் தலைகீழ். பங்காளிகள் தலைகீழ். தாமோதரன் தலைகீழ்...

தாமோதரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்.

அவள் நேராக நின்றாள்.

செங்கல்வராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எல்லோரும் தலைகீழாக இருக்க, அவள் மட்டும் நேராக. இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தாள். தலைமயிரும் மேல்நோக்கி நின்றது. கண் திறந்திருந்தது.

துணியை உதறிவிட்டு வெளியே வந்தார். தாமோதரன் பக்கத்தில் யாரும் இல்லை. வெறும் சுவர்.

“இன்னா மச்சான்?” என்றான் தாமோதரன்.

“ஒண்ணுமில்ல... இங்க யாராவது பொம்பள நின்னாங்களா?”

“யாருமில்லியே. சீக்கிரம் எடு மச்சான். கால் மரத்துப் போச்சி.”

வெயிலில் வந்த கிறுகிறுப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடி துணிக்குள் போகத் தைரியம் வரவில்லை. தகட்டைச் செருகினார். லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

ஒன்று...

டொக்.

இரண்டு...

டொக்.

சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

மூன்று...

டொக்.

நாலு.

மூடியைப் போட்டார். வாய் தானாகக் கேட்டது. “இன்னிக்கும் அம்மி கொத்துறாங்களா அத்தை?”

பொன்னியம்மாள் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தாமோதரன் குனிந்து தன் வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பிற்பகல், சித்தூரில், வீட்டு உக்கிராண அறையில் சிவப்பு விளக்கை வைத்துத் தகட்டைக் கழுவினார். முதலில் நாற்காலி வந்தது. பிறகு ஆட்கள். பிறகு... அவள்.

காகிதத்தில் அச்சுப் போட்டு, காய்ந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது ஆட்கள் எல்லோரும் நேராக இருந்தார்கள். அவள் தலைகீழாகத் தொங்கினாள். கால் இரண்டும் உத்தரத்தின் பக்கம். முகம் தாமோதரனின் முழங்காலுக்குப் பக்கத்தில். தலைமயிர் தரையைத் தொட்டது.

ஒரு தகட்டையே தெரியாமல் இரண்டு தடவை உபயோகித்து, அதையும் தலைகீழாகச் செருகிவிட்டால் இப்படி விழும். எல்லா போட்டோக்காரனும் எப்போதாவது செய்கிற தப்புதான். செங்கல்வராயன் அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் தகடு, படம் எடுத்த அன்றைக்குக் காலையில் பிரித்த புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது. அந்தப் பெண்ணை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. போதாததற்கு...

அவள் கை தாமோதரனின் வலது கணுக்காலைப் பிடித்திருந்தது.

படத்தில் எல்லோரும் லேசாகக் கலங்கியிருந்தார்கள். தாமோதரனும் கலங்கித்தான் இருந்தான். கலங்காமல் விழுந்தவை மூன்றே. வேதாச்சலத்தின் பிணம். அந்தப் பெண். அவள் பிடித்திருந்த அந்தக் கால்.

“இந்தக் கல்யாணம் வேணாம்மா” என்றார்.

அம்மா படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டாள். “ஒன் கேமரா பைத்தியத்துக்கு எம் பொண்ணு வாழ்க்கையப் பலி குடுக்கணுமாடா? இருபத்தாறு வயசு! இத வுட்டா எவன் வருவான்?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் பயமும் பொய்யில்லை.

வெங்கடலட்சுமிதான் படத்தை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அண்ணா... இது அவர இழுக்கற மாதிரியா கீது?”

“வேற எப்படி?”

அவள் படத்தை மெல்லத் தலைகீழாகத் திருப்பினாள். அந்தப் பெண் நேராக நின்றாள், கையை மேலே நீட்டிக்கொண்டு.

“புடிச்சிக்கினு... மேல ஏறப் பாக்குதுண்ணா.”

படத்தை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நான் அந்த வீட்டுக்குப் போவ மாட்டேன்” என்றாள். நிச்சயத்துக்குக் கொடுத்த புடவையைப் பச்சையப்பன் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் காறித் துப்பாத குறை. அம்மா மகனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

சித்திரை பிறந்தது. எல்லை மாறி, ஊருக்கு ஊர் எல்லைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் பச்சையப்பன் டிக்கெட் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

வேதாச்சலம் வீட்டுக் கொல்லை வழியாகத்தான் கோடு போகிறதாம். கல் நடுவதற்காக வைக்கோல் போரைத் தள்ளியிருக்கிறார்கள். அடியில் ஒரு பலகைக்கல். கல்லைப் புரட்டினால் பழைய உறைகிணறு. தண்ணீர் வற்றி எந்தக் காலமோ ஆகிவிட்டது. ஒரு ஆள் இறங்குகிற அகலம்தான்.

“முதல்ல ரெண்டு பாதந்தான் தெரிஞ்சிதாம்பா” என்றார் பச்சையப்பன். “தலைகீழா... சொருகி வெச்ச மாதிரி.”

சுலோசனா.

எந்த ராஜ்யத்துப் போலீஸ் விசாரிப்பது என்று இரண்டு பக்கமும் அரைநாள் வாதாடினார்களாம். அதற்குள் தாமோதரன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மாசி மாதத்திலிருந்தே அவனுக்கு வலது காலை ஊன்ற முடியாதாம். அப்பன் பிணம் இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தானாம்.

“வைசூரில செத்துட்டான்னாங்களே...” என்றார் செங்கல்வராயன்.

“அதெல்லாம் பொய்யி. தொரத்தி வுட்டுட்டாங்க. ஐப்பசில அது திரும்பி வந்துச்சாம். களையெடுக்கற செங்கம்மா பாத்துக்கிது. நீங்க வூடு பாக்கப் போனீங்களே, அதுக்கு மொத நாளு சாயங்காலம் எம் பஸ்ஸுலதான் வந்து எறங்குச்சாம்.”

செங்கல்வராயன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“உடனே சாவலப்பா அது. கையில ஒரு கல்லு கீது. பக்கத்துல உறை ஓடு ஒரே எடத்துல பள்ளமாய்க் கீது... கொத்திக் கொத்தி.”

இதை என்னிடம் சொன்னபோது செங்கல்வராயனுக்கு எழுபது வயசு. படம் எப்படி விழுந்தது என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதை அவர் யோசிக்கவும் இல்லை. அவர் யோசித்ததெல்லாம் ஐப்பசி மாதத்துப் பந்தியைப் பற்றித்தான்.

“அம்மி கொத்துறாங்கன்னு அந்தம்மா சொன்னதும் நான் இன்னா சொன்னேன் தெரியுமா?” என்றார். “நல்லா ஆழமா கொத்தச் சொல்லுங்க அத்தை, எந் தங்கச்சி வந்து அரைக்கணுமில்லியான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம்.”

தகட்டை மறுபடி துணியில் சுற்றினார்.

“அந்தச் சிரிப்பு கேட்டப்பறந்தான் அவ கொத்தறத நிறுத்தினா.”