இடது பக்கத்து எண்ணெய்

உத்திரமேரூரில் டீசல் இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் வெங்கடேசனுக்குக் காது கொஞ்சம் விசேஷம். அறுப்பு மிஷின் தெருமுனையில் திரும்பும்போதே அதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் வண்டிக்காரர் வாய் திறக்கக் கூடாது. "மெக்கானிக் நானா, நீயா?" என்று ஒரே போடாகப் போடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் போன மாசம் விமானத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

தூத்துக்குடியில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தி, அப்பா ஒரு தடவையாவது பறக்கட்டும் என்று தன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சென்னைக்கு விமான டிக்கெட் போட்டிருந்தாள். இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். இவருக்கு இடது ஜன்னலோரம். கிளம்பும் முன்பே, "சத்தம் ஒரு மாதிரி கீதேம்மா" என்று பணிப்பெண்ணிடம் சொன்னார். "அது நார்மல்தான் சார்" என்று அவள் சிரித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். இவருக்கு முகம் சுண்டிவிட்டது.

பாதி வழியில் விமானம் உதறத் தொடங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், இடது இன்ஜின் மேல் எண்ணெய் கறுப்பாக வழிகிறது. அதே நேரம் கேப்டன் மைக்கில், வலது இன்ஜினில் கோளாறு, அதை நிறுத்தப் போகிறோம், இன்னொன்றை வைத்தே பத்திரமாக இறங்கலாம் என்றார்.

வெங்கடேசனுக்குப் புரிந்துவிட்டது. நல்லதை நிறுத்திவிட்டுக் கெட்டதை நம்பப் போகிறார்கள். பணிப்பெண் வரிசை வரிசையாக வந்து, "எல்லாம் ஓகேவா சார்?" என்று கேட்டாள். ஓட்டுகிறவருக்குத் தெரியாததா, மறுபடியும் சிரிப்பு வாங்கவா என்று நினைத்தார்.

"ஓகேம்மா" என்றார்.

அறுபது உயிர் இருந்தது அதில். தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன் என்று பிறகொரு நாள் பட்டறையில் வைத்து என்னிடம் சொல்லும்போது, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பின் சீட்டிலிருந்த ஷீபா என்ற நர்ஸ்தான் எழுந்து கத்தினாள். "எண்ணெய் இந்தப் பக்கம் ஒழுகுது! கேப்டன்கிட்ட சொல்லுங்க!" பணிப்பெண் குனிந்து பார்த்தாள். ஓடிப்போய் கேப்டனிடம் பேசும் போனை எடுத்தாள். சற்று நேரத்தில், குறைந்திருந்த வலது பக்கச் சத்தம் மறுபடி ஏறியது. இடது காற்றாடி மெதுவாகி நின்றது. ஒற்றை இன்ஜினிலேயே சென்னையில் இறக்கிவிட்டார்கள்.

கேப்டன் வெளியே வந்து ஷீபாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு இவரிடம், "ஜன்னல் பக்கத்திலேயே இருந்தீங்களே சார், பாக்கலையா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"தூங்கிட்டேன் சார்."

அவர் வீடு வந்து சேர்வதற்குள் சேதி ஊருக்கு வந்துவிட்டது. மனைவி கீதா வாசலில் ஆரத்தி எடுத்தாள். ஆயுசு கெட்டி என்று அக்கம்பக்கத்தில் கொண்டாடினார்கள். அவர்கள் போனதும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கீதாவிடம் கொட்டிவிட்டார்.

"சரி வுடுய்யா. நல்லபடியா வூடு வந்து சேந்தியே" என்ற கீதா, குழம்பு ஊற்றப் போன கையை நிறுத்தினாள். "ஏன்யா, அந்தப் பொண்ணு சொல்லலைன்னா நீ சொல்லியிருப்பதானே?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"மாட்டேன்" என்றார்.

கீதா குழம்புச் சட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.