ஒரு ஓட்டை தள்ளி

படப்பிடிப்பில் அவளை எல்லாரும் நோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், மடியில் ஒரு நோட்டு, இப்படியே இருபத்தைந்து வருஷம் ஓட்டியவள். கன்டினியூட்டி பார்க்கிற வேலை. காலையில் எடுத்த காட்சியில் கதாநாயகனின் மேல் பட்டன் திறந்திருந்தால், மிச்சத்தை மறுநாள் எடுக்கும்போதும் திறந்தே இருக்க வேண்டும். டம்ளரில் பாதித் தண்ணீர் என்றால் பாதிதான். பிசகினால் ஊரே கவனிக்கும், பிசகாவிட்டால் ஒரு ஜீவன் திரும்பிப் பார்க்காது. அப்படி ஒரு பாழாய்ப்போன வேலை. அதில் அவள் கில்லாடி. "நோட்டக்கா இருக்கும்போது என் மூக்குல மச்சத்தக்கூட நான் மாத்திக்க முடியாது" என்று மேக்கப் அண்ணன் கிண்டலடிப்பார்.

வீட்டில் அவளும் மகளும்தான். கட்டியவன் கைக்குழந்தையோடு விட்டுப் போனவன், அந்தக் கதை நமக்கு வேண்டாம். மகளுக்கு இப்போது இருபது வயது. அம்மாவின் கண் அப்படியே வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் படம் போட்டு உட்கார்ந்தால், கதை யாருக்கு வேண்டும்? "அம்மா, கம்மல் மாறிடுச்சு!" "அடிப்பாவி, நானே பாக்கலடி!" அதுதான் அவர்களுக்கு விளையாட்டு.

அப்படி இருந்த வீட்டில்தான் அந்தப் பேட்டி வந்து விழுந்தது.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றில் பெரிய நடிகருக்குத் தங்கச்சியாக நடித்த பெண், இத்தனை காலம் கழித்து வாய் திறந்திருந்தாள். மதிய இடைவேளையில் வசனம் பார்க்கலாம் என்று அந்த நடிகர் தன் கேரவனுக்குக் கூப்பிட்டாராம். கதவைச் சாத்திவிட்டு மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தாராம். இவள் உதறிக்கொண்டு ஓடி வந்ததில் வாட்ச் உள்ளேயே விழுந்துவிட்டதாம். அஞ்சு விரலும் பதிந்த கையோடு அன்று சாயங்காலம் கடிதம் வாங்குகிற காட்சியில் நடித்தேன் என்று அழாமல் சொன்னாள். அவ்வளவுதான், டிவியில் தினமும் ஆறு மணிக்கு நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து அவளைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். அப்போதே ஏன் சொல்லவில்லை, இப்போது யார் சொல்லிக் கொடுத்தது, இதெல்லாம் விளம்பரம். முறுக்கியவனைப் பற்றி ஒருத்தர் ஆரம்பித்தால் உடனே விளம்பர இடைவேளை வரும்.

நோட்டக்கா டிவியை அணைக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. துவைத்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, என் வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது! நாலு லட்சம் பேர் பாத்துட்டாங்க. இந்த எட்டு மணி நேரத்துல!"

அந்தக் கடிதக் காட்சியை நிறுத்தி, கையை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருந்தாள். உள்ளங்கை மேலே பார்த்து நீட்டிய இடது கை. வெண்ணெய் மாதிரித் தோல், ஒரு கீறல் இல்லை. வாட்ச் இருந்த இடத்தில் இருந்தது. மகளின் குரல் கணீரென்று கேட்டது: "காயம் எங்கே? விழுந்துபோன வாட்ச் எங்கேயிருந்து வந்துச்சு? இந்தப் படத்துல கன்டினியூட்டி பாத்ததே எங்க அம்மாதான். எங்க அம்மா கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது."

"எப்படிம்மா? எல்லாம் உன் டிரெய்னிங்!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெற்றவள் மகளின் கையை மெல்ல விலக்கினாள்.

அன்றைக்கு நடந்தது அவளுக்கு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருந்தது. மறந்தால்தானே! சாப்பாடு முடிந்து அந்தப் பெண் வந்து நின்றபோது முகம் வெளுத்திருந்தது. நோட்டக்கா முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். காலையில் எடுத்த பாதிக் காட்சியில் இருந்த வாட்ச் இல்லை. "வாட்ச் எங்கம்மா?" என்று கேட்டாள்.  பெண்ணின் கண் மட்டும் கேரவன் பக்கம் போய் வந்தது. நோட்டக்காவே போய்க் கதவைத் தட்டினாள். நடிகர் தலை வாரிக்கொண்டு, திரும்பாமலே, காலால் தரையைக் காட்டினார். சோஃபாவுக்கு அடியில் கிடந்தது.

திரும்பி வந்து கையைப் பிடித்தபோதுதான் விரல் தடங்களைப் பார்த்தாள். ரத்தம் கட்டிச் சிவந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கட்டைவிரல் பின்பக்கம். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாள். "மேக்கப் அண்ணே, கொஞ்சம் மேக்கப் போட்டுக் கைய மூடி விடுங்க. மேட்ச் ஆகல" என்றாள்.

பொறுக்கி அவன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் மூடச் சொன்னது இவள். ஒன்பது வயதுப் பெண் பள்ளிக்கூடம் போகிறாள், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். உண்மைதான். சொல்லச் சொல்லத் தூக்கம்தான் வரவில்லை.

"அந்த வீடியோவ எடுத்துடுடி" என்றாள் மகளிடம்.

"ஏம்மா?"

"அவ சொல்றது நெஜம். கைய மூடச் சொன்னதே நான்தான். வாட்சப் போய் எடுத்துட்டு வந்து மாட்டினதும் நான்தான்."

மகள் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "இல்ல... நீ ஏதோ பயத்துல சொல்ற. எல்லாம் கரெக்டா மேட்ச் ஆகுதே!"

"ஆகல. வாட்ச் பட்டையப் பாரு."

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்த காட்சியையும் பின்னால் எடுத்ததையும் மகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதலில் பட்டை நுனியிலிருந்து மூன்றாவது ஓட்டையில் மாட்டியிருந்தது. அடுத்ததில் இரண்டாவதில். ஒரு ஓட்டை தள்ளி, தளர்வாக.

"தப்பு விட்டுட்டியாம்மா?"

"தெரிஞ்சேதான் விட்டேன். மூணாவதுல மாட்டினா அவளுக்கு வலிச்சிருக்கும்."

மகள் ஃபோனைக் கீழே வைத்தாள். "வலிக்கும்னு தெரிஞ்சுது. ஏன் வலிக்குதுன்னு கேக்கத் தெரியலயா உனக்கு?" என்றாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டாள்.

மறுநாள் பழைய வீடியோவை எடுத்துவிட்டு மகளே படம் பிடித்தாள். ஆனால் அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. "நேராப் பாருங்க. பேசுங்க." நோட்டக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டெல்லாம் கம்பெனிக்குப் போய்விட்டது, இந்த ஒரு ஓட்டைதான் என்னிடம் இருக்கிற சாட்சி என்று இரண்டு படங்களையும் காட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

அன்று ஆறு மணிக்கு அதே நாலு கட்டம். கிழவிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒருத்தர். ஒரு ஓட்டையை வைத்து ஒரு மனுஷனின் மானத்தை வாங்குவதா என்று இன்னொருத்தர். இவள் மட்டும் யோக்கியமா, பதினோரு வருஷம் வாயில் கொழுக்கட்டையா என்று ஒரு வக்கீலம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் நோட்டக்கா தலையாட்டினாள்.

ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. தெரியாத எண்.

"அக்கா, நான்தான்."

குரல் மாறவே இல்லை. நோட்டக்காவுக்கு "கண்ணு..." என்று மட்டும் வந்தது.

"வீடியோ பாத்தேன்கா. நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். எங்க வக்கீல் உங்ககிட்டப் பேசுவாங்க."

"எங்க வேணும்னாலும் வந்து சொல்றேம்மா."

"ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னைக்கு நீங்க அந்த வாட்ச எவ்வளவு மெதுவா மாட்டினீங்க. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. தடத்தப் பாத்தாலும் என்ன நடந்துச்சுன்னு இந்தம்மாவுக்குத் தெரியாது, ஆனாலும் கை இவ்வளவு நல்ல கைன்னு நெனச்சேன். அத நெனச்சுத்தான் அன்னைக்கு நடிச்சு முடிச்சேன். இத்தனை வருஷமா அந்த ஆளுங்க எல்லாரையும் திட்டும்போதும் உங்கள மட்டும் திட்டினதே இல்ல. வீடியோல கேட்டும் மனசு நம்பல. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுதான் லூசா மாட்டினீங்களா அக்கா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியிருந்த அந்த ஒரு கையையாவது விட்டுவைக்கலாம் என்று தோன்றியது.

"ஆமாம்மா. தெரியும்."

"சரிக்கா" என்றாள் அவள். ஃபோனை வைத்துவிட்டாள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த மகள், "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டாள். நேற்றிலிருந்து அப்போதுதான் அம்மா என்றாள். நோட்டக்கா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.