லோதி தோட்டத்து ஆங்கிலம்

காலை ஏழு மணிக்குப் புது டெல்லி வந்து சேரவேண்டிய வண்டி மத்தியானம் இரண்டரைக்கு வந்தது. மதுராவைத் தாண்டியதிலிருந்தே ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று கூடவே வந்தது. அதற்குள்ளிருந்து எப்போதாவது ஓர் எருமையின் முதுகு, ஒரு தந்திக் கம்பம், சைக்கிளைப் பிடித்தபடி நின்ற யாரோ ஒருவரின் போர்வை. சென்னையிலிருந்து இரண்டாயிரத்து நூற்றெண்பது கிலோமீட்டர் வந்தும், பார்க்க வந்த ஊரைக் கண்ணில் காட்டமாட்டார்கள் போலிருக்கிறதே என்று இருந்தது. 1999 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம் அது.

நான் சங்கரன்கோவில்காரி. அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் சங்கத்தில் லீவு வாங்கினேன். உண்மையில் என்னை வரவழைத்தவர் என் தங்கை கோமதியின் வீட்டுக்காரர் கணேசன். தங்கையோடு ஆங்கிலம் பேச ஓர் ஆள் வேண்டுமாம்.

குரங்குக் குல்லாயும் மப்ளருமாக பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டென்ட். லோதி ரோடுக்கு நாற்பது ரூபாய் பேசி ஆட்டோவில் ஏற்றினார். ஏழு கிலோமீட்டர்தான். ஆனால் ஆட்டோக்காரர் மூடுபனிக்குள் கையை நீட்டித் தடவித் தடவிப் போவதுபோல ஓட்டினார்.

"நித்யாவுக்கு நர்சரி அட்மிஷன் மைனி. பிப்ரவரி முதல் வாரம் இன்டர்வியூ. பிள்ளைய மட்டும் பாக்க மாட்டாவ, தாய் தகப்பன் ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டுப் பேசுவாவ. பூரா இங்கிலீஷ்தான்" என்றார்.

"நீங்க பேசுவியளே?"

"நானா? ஃபைல்ல எழுதச் சொல்லுங்க, நாலு பக்கம் எழுதுவேன். வாயத் திறந்தா வரமாட்டேங்கு. கோமதிக்கு நான் சொல்லிக் குடுத்தா சண்டைல முடியுது. நீங்க ஸ்போக்கன் இங்கிலீஷ் படிச்சவிய."

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போனேன், அவ்வளவுதான். அதற்கே எங்கள் குடும்பத்தில் எனக்குக் கொம்பு முளைத்திருந்தது.

மஞ்சள் சுண்ணாம்பு அடித்த அரசாங்கக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கோமதி கதவைத் திறந்ததும் "அக்கா!" என்று கட்டிக்கொண்டாள். அவள் டெல்லி வந்து ஐந்து வருஷம். ஞாயிறுதோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்வாள், நல்லா இருக்கோம் என்பாள், மீட்டர் ஓடுது என்று வைத்துவிடுவாள். நேரில் பார்த்தபோதும் அதையேதான் சொன்னாள். மூன்றரை வயது நித்யா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "மௌசி" என்றாள். பெரியம்மான்னு சொல்லுடி என்று அம்மா அதட்ட, அது இந்தியில் ஏதோ பதில் சொல்லிவிட்டு ரஜாய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டது.

மறுநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். தலைநகரில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள் என்ற நம்பிக்கையோடு நான் வந்திருந்தேன். தலைப்பாகை கட்டிய ஒரு கடைக்காரரிடம் முருங்கைக்காயைக் காட்டி, வகுப்பில் படித்த மாதிரியே "எக்ஸ்க்யூஸ் மீ, ஹவ் மச் இஸ் திஸ்?" என்று கேட்டேன். அவர் என் முகத்தையும் புடவைக் கட்டையும் ஒரு பார்வை பார்த்தார். "அம்மா, இன்னைக்குத்தான் வந்துச்சு. சாம்பாருக்கு நல்லா இருக்கும், எடுங்க" என்றார். கோமதி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேங்காய் உருண்டு ஓடியது. அவள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான், வந்ததிலிருந்து அவள் சிரிக்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

வீட்டில் ஆங்கிலம் எடுபடவில்லை. குக்கர் விசில் அடித்தால் தமிழ், பால் பொங்கினால் தமிழ். அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். கணேசன் ஆபீஸ் போனதும் நித்யாவைக் கீழ்வீட்டு பஞ்சாபி அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒன்றரை கிலோமீட்டர் நடந்து லோதி தோட்டத்துக்குப் போவது. வாசலுக்குள் கால் வைத்தது முதல் வெளியே வரும்வரை ஆங்கிலம் மட்டும். தவறினால் ஐந்து ரூபாய்க்கு வேர்க்கடலை வாங்கித் தரவேண்டும்.

அந்தத் தோட்டத்தை என்னவென்று சொல்வேன்? பத்து மணிக்கும் பனி விலகியிருக்காது. பழைய சுல்தான்களின் சமாதிகள் அடிப்பாகம் இல்லாமல் குவிமாடமாக மட்டும் மேலே மிதந்துகொண்டிருக்கும். கிளிகள் எங்கேயோ கத்தும், ஒன்றும் கண்ணில் படாது. வெள்ளை ஷூ அணிந்த பெரிய மனிதர்கள் அழகான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே எதிரில் தோன்றுவார்கள். மகளுடைய விவாகரத்து, யாருடைய பென்ஷன், எந்த டாக்டர் என்று பாதி வாக்கியம் நம் காதில் விழும்; மீதியோடு அவர்கள் பனிக்குள் போய்விடுவார்கள். பெரிய வீடுகளின் உள்ளறைகளில் தூக்கத்தில் நடந்துபோவதுபோல நானும் கோமதியும் அவர்களுக்கு நடுவே நடந்தோம்.

முதல் நாட்களில் எங்கள் பேச்சு ரொம்ப ஏழ்மையாக இருந்தது. "திஸ் இஸ் ட்ரீ." "எஸ். பிக் ட்ரீ." "தட் இஸ் டாக்." மரமும் நாயும் வாத்தும் தீர்ந்தன. சமாதிகளும் தீர்ந்தன. வேறு வழியில்லாமல் எங்களைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

பழைய கல் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம். கோமதி தண்ணீரைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "மார்னிங் ஹி கோஸ். ஈவினிங் ஹி கம்ஸ். ஐ டாக் டு வால்."

காலையில் அவர் போகிறார், சாயங்காலம் வருகிறார், நான் சுவரோடு பேசுகிறேன். அழகாகச் சொல்லிவிட்டாளே என்று முதலில் சிரித்தேன். அப்புறம்தான் சொன்னது என்னவென்று புரிந்தது. தமிழில் என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, பழகிப் போச்சு" என்று மெழுகிப் பூசியிருப்பாள். பூசி மெழுக அவளிடம் ஆங்கிலம் போதவில்லை. தெரிந்த நாலு சொல்லில் உண்மை மட்டும்தான் அடங்கியது.

"வொய் யூ நாட் டெல் மீ?" என்றேன்.

"யூ ஆர் அக்கா" என்றாள். தோட்டத்துக்குள் என்னை அக்கா என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் நான் வெறும் 'யூ'. அந்தச் சொல் எங்களுக்கு நடுவே இருந்த எட்டு வருஷத்தைத் தள்ளி வைத்துவிட்டது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பெண்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

அதன்பிறகு தினமும் நிறையப் பேசினோம். அவளுக்கு மார்க்கெட் இந்திக்கு மேல் வராதாம். அச்சா, ஜல்தி, பையா என்பதை வைத்துக்கொண்டு கீழ்வீட்டு அம்மாவோடு என்ன பேசமுடியும்? பெற்ற பிள்ளையே இந்தியில் பேசுகிறது. ஒருநாள் நின்று தெளிவாகச் சொன்னாள்: "இஃப் நோ சீட், ஐ கம் வித் யூ. நித்யா ஆல்ஸோ." இடம் கிடைக்காவிட்டால் பிள்ளையோடு என்கூட ஊருக்கு வந்துவிடுவாளாம். கணேசனிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

 அவள் பேசிப் பழக வேண்டும் என்று வந்தவள் நான். ஆனால் அவள் பிள்ளையோடு வந்து நிற்கும் எங்கள் வீட்டு வாசலை மனசு அதற்குள் கோலம் போட்டுப் பார்த்துவிட்டது. மறுநாள் தோட்டத்தில் என்னையும் அவள் விடவில்லை. "யூ? வொய் நோ மேரேஜ்?" என்று கேட்டாள். எனக்கு இஷ்டமில்லை என்றுதான் இத்தனை வருஷம் ஊரில் சொல்லி வந்திருக்கிறேன். அதற்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆனாலும் வாயில் வந்தது "நோபடி ஆஸ்க்ட் மீ" என்பதுதான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு பேருமே தமிழுக்குத் தவறி, வேர்க்கடலை வாங்கினோம்.

மாலைகளில் கணேசன் தன் பங்குக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தார். டெல்லி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "டெல்லி இஸ் எ வொண்டர்ஃபுல் சிட்டி, மேடம். வீ ஆர் வெரி ஹாப்பி ஹியர்." கோமதி பிசகில்லாமல் ஒப்பித்தாள். "பாத்தியளா மைனி, உங்க டிரெயினிங்!" என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்டர்வியூ அன்று காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்கள் மூவரும் உள்ளே போனார்கள். பக்கத்தில் ஒரு தகப்பன், காக்காய்க்கும் குருவிக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று தன் பிள்ளையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை பாத்ரூம் போகணும் என்று அழுதது. கால் மணி கழித்துக் கதவு திறந்தது. கணேசன் முகம் வெளுத்திருந்தது.  ஆட்டோவில் நித்யா, உள்ளே கொடுத்த சாக்லேட்டை முன்சீட் கம்பியில் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

அடுக்களையில் கோமதி சொன்னாள்: "அந்த மேடம் டெல்லி பிடிச்சிருக்கான்னு கேட்டாவக்கா. மனப்பாடம் பண்ணுனது நாக்கு நுனில வந்து நிக்கி. சொல்ல முடியல. அந்தப் பாஷைல நான் பொய் சொல்லிப் பழகவே இல்லயே."

"என்னட்டி சொன்னே?"

"பாலத்துல உங்கிட்ட சொன்னதத்தான். காலைல போறாவ, சாயங்காலம் வாறாவ, நான் சுவரோட பேசுதேன்னு. எத்தன வருஷமான்னு கேட்டாவ. ஃபைவ்னேன். நித்யா அப்பா பக்கத்துலதான் இருந்தாவ. திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

கணேசன் அன்று ஆபீஸ் போகவில்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டு, வெயில் வருமா என்று பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்க செக்‌ஷன்லயே ஏழெட்டுத் தமிழாளுக இருக்கோம் மைனி. பகல் பூரா வாயாடிட்டு, வீட்டுக்கு வந்தா கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்னு தோணும். அவளுக்கு யாரு இருக்கான்னு நான் நெனச்சே பாக்கல" என்றார். கண் கலங்கியிருந்தது. டீயை ஆறவிட்டுவிட்டார்.

என் லீவு முடிவதற்கு முந்தின வாரம் பள்ளிக்கூட வாசலில் பெயர்கள் ஒட்டினார்கள். கணேசன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நம்ம பேரு இல்ல" என்றார். கோமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் மனசு ஒரு துள்ளு துள்ளியது. எனக்கே அது பிடிக்கவில்லை.

கணேசன் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "இங்க பக்கத்துல நம்ம தமிழ் ஸ்கூல் இருக்குல்லா, அங்க சேப்போம். நடந்தே கூட்டிட்டுப் போலாம். வாசல்ல பூரா நம்மூர் பொம்பளையாளுகதான் நிப்பாவ" என்றார். பிள்ளை ஆங்கிலத்தில் வளரவேண்டும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கமே திரும்பாதிருந்தவர் அவர். பிறகு, அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டாரோ என்னவோ, ஃபைலில் நாலு பக்கம் எழுதும் அந்த மனிதர் வேர்த்துப்போய், என் முன்னாலேயே, "வில் யூ ஸ்டே?" என்று அவளைக் கேட்டார்.

 கீழே காய்கறி வண்டிக்காரன் காலிஃபிளவர் கூவிக்கொண்டு போனான். "ஐ வில் ட்ரை" என்றாள் கோமதி.

நான் கிளம்பிய நாள் பிப்ரவரியின் நடுவில் ஒரு சாயங்காலம். பனி போய்விட்டிருந்தது, ஸ்டேஷன் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. கணேசன் நித்யாவைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு ஃபாரம் வாங்கப் போனபோது கடையநல்லூர்க்காரப் பெண் ஒருத்தியைப் பார்த்தாளாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாளாம். சொல்லும்போது அவள் முகத்தில் வெயில் அடித்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 

திடீரென்று "யூ? ஹூ வில் யூ டாக் டு?" என்றாள்.

"எனக்கென்னட்டி, பேச ஊரே இருக்கு" என்றேன்.

"நோ. இங்கிலீஷ்ல சொல்லு."

வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டி நகர்ந்தது. கணேசன் ஓடிவந்து பாட்டிலை என் கையில் திணித்தார். அவர் தோளில் இருந்த நித்யா கையை ஆட்டிக்கொண்டே கத்தியது பெரியம்மாவா மௌசியா என்று சக்கரச் சத்தத்தில் கேட்கவில்லை.

டெல்லியின் பின்புறச் சுவர்களும் சுவர் விளம்பரங்களும் கடுகு வயல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வரும்போது ஒளிந்துகொண்டிருந்த நாடு இப்போது அந்தி வெளிச்சத்தில் அகலமாகக் கிடந்தது. நான் அந்தப் பதிலை மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். ஃபரீதாபாத் போய், பல்வல் போயிற்று. அதற்கப்புறம்தான் அது எனக்கு முழுசாகக் கிடைத்தது. என்னை அறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "ஐ ஹாவ் நோபடி."

எதிர் சீட்டில் சென்னைக்குப் போகிற ஒரு பெரியவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஏதாவது சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.