மணிக்குக் கேட்ட குரல்

இன்று எங்கள் கருப்பராயன் கோயிலில் கிடாவெட்டு. நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த மணியைத்தான் நேர்ந்துவிட்டிருந்தோம்.

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. மணியோ என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு குடம் காலி.

மாமனார் பொறுமையிழந்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, நீங்க ஒருக்காக் கூப்பிடுங்க. உங்க சத்தத்தைக் கேட்டாத் துலுக்கிப்போடும்."

உண்மைதான். தினமும் காலையில் என் குரல் கேட்டதும் சிலிர்த்துக்கொண்டு ஓடிவரும்.

எப்படியாவது தப்பிக்கப் பார்த்தேன்.

"தொண்டை கட்டிப்போச்சுங்க மாமா" என்றேன்.

அந்தக் குரலே போதுமாயிருந்தது. மணி சிலிர்த்துவிட்டது.

பட்டியில் நேற்றுப் பிறந்த குட்டி ஒன்று பாலுக்குக் கத்துகிறது. புட்டியோடு நிற்கிறேன். அதனிடம் வாயைத் திறந்து பேசலாமா, வேண்டாமா? ஆடு வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்.