எந்த வெள்ளிக்கிழமை

போன வாரம் மருமகள் என்னைச் செம்பூரில் ஒரு நகைக்கடைக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய மோதிரம் இறுக்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். கடைக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. ரோஜாப்பூ வாசனை எங்கிருந்தோ வந்தது; பூவைத்தான் காணோம். கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி மோதிரத்தை வாங்கிக்கொண்டு புதன்கிழமை மாலை தயாராகிவிடும் என்றாள். புதன்கிழமை மத்தியானமே மருமகளின் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. வந்து வாங்கிக்கொள்ளலாமாம்.

மருமகளுக்கு மகிழ்ச்சி. எனக்கு வந்ததோ எரிச்சல். சொன்ன நேரத்துக்கு முன்பே நகை தயார் என்றால் அதை ஆசாரி செய்திருக்க முடியாது, வேறு யாரோதான் செய்திருக்க வேண்டும். ஒரு ஆசாரிக்கு வாழ்க்கைப்பட்டவள் சொல்கிறேன், நம்புங்கள்.

அதோடு, தங்க வேலை நடக்கிற இடம் ரோஜாப்பூ மணக்காது. கரிப்புகையும், நகையை வெளுக்கப் போட்ட புளித்தண்ணீரும் கலந்த ஒரு வாசனை இருக்கும். தாராவியில் எங்கள் கோலி முழுக்க அந்த வாசனைதான். கோலி என்றால் ஒரே அறை வீடு. குறுக்கே என் பழைய சேலை ஒன்றைக் கட்டித் திரையாக்கியிருந்தோம். திரைக்கு அந்தப் பக்கம் சன்னலும் பட்டறையும் அவரும். இந்தப் பக்கம் வாசலும் அடுப்பும் நானும். ஒருமுறை பட்டறைப் புளித்தண்ணீரைத் தெரியாமல் எடுத்து ரசம் வைத்துவிட்டேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு ரசம் பரவால்லயேட்டி" என்றார். மற்ற நாள் ரசத்தைப் பற்றி அவர் என்ன நினைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் பெயரை நான் சொல்வதில்லை. தாராவியில் எங்கள் வரிசை முழுக்க அவரை ஆசாரி என்றுதான் கூப்பிட்டது; நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். நகை செய்வது ஆசாரியின் வேலை. நகை ஏன் இன்னும் ஆகவில்லை என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. இரண்டில் எது கஷ்டம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

அவர் சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். விடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் யார் வாசலில் நிற்கிறார்களோ அவர்கள் வேலைதான் முதலில். கல்யாண நகை பாதியில் கிடக்கும். யாராவது ஒருத்தி திருகு போன மூக்குத்தியோடு வந்து நின்றால் போதும், "குடும்மா" என்று கையை நீட்டிவிடுவார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "வெள்ளிக்கிழமை வாங்க." வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்பதால் கேட்கிறவர்களும் தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

நான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய கொஞ்ச நாளில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. சீனாக்காரனோடு சண்டை முடிந்த சமயம். பதினாலு காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக்கூடாது என்றுவிட்டார்கள். எத்தனையோ ஆசாரிமார் பட்டறையை மூடினார்கள். பதினாலு காரட்டை எங்கள் ஆசாரி ஒரே ஒருமுறை அடித்துப் பார்த்தார். தகடு விண்டுபோயிற்று. "இதுக்குப் பேரு தங்கமாட்டி? செம்புக்குச் சட்டை போட்டுவுட்டிருக்கான்" என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. தகர டப்பாவுக்குப் பற்றவைக்கிற வேலைக்கு அனுப்பினேன். ஒரு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பற்று வெளியே தெரியாதபடி ராவிக்கொண்டே இருந்தாராம். முதலாளி ரெண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள், "ஆசாரி, இதுல எண்ணெய்தான் ஊத்தப்போறோம், கல்யாணமா பண்ணப்போறோம்?" என்று அனுப்பிவிட்டான். நான் எதில் தலையை முட்டிக்கொள்வேன், சொல்லுங்கள்.

பிறகு, வாடிக்கைக்காரர் கொண்டுவரும் பழைய நகையை அழித்து அதே தரத்தில் மாற்றிச் செய்யலாம் என்று இடம் கொடுத்தார்கள். பட்டறையில் மறுபடி கரி புகைந்தது. அப்போது வந்தவர்தான் மாட்டுங்கா மாமி.

மாமிக்கு ஒரே பிள்ளை. கோட்டைப் பக்கம் ஏதோ கம்பெனியில் கிளார்க். அவனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தது. மாமி கணவரை இழந்தவர்; ஒல்லியான உடம்பு, பெரிய குடை, அதைவிடப் பெரிய குரல். இடுப்பிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சை அவிழ்த்து, தட்டிச் சப்பையாக்கிய பொன் கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிள்ளை கட்டுவதற்குத் தாலி செய்ய வேண்டும். கடைக்குப் போனால் புதுத் தங்கம் பதினாலு காரட்தான் கிடைக்கும், அதைப் போய்த் தாலியாகக் கட்டுவதா என்று சொன்னார். ஆசாரி கட்டியை உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "நல்ல பொன்னு. வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

மாமி வெள்ளிக்கிழமை வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததற்கும் வந்து என் முன்னால் குடையை ஊன்றி நின்றார்.

"ஏண்டி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைன்னா எந்த வெள்ளிக்கிழமை? இந்த ஜன்மத்து வெள்ளிக்கிழமையா, அடுத்ததா?"

"முடிஞ்சிட்டு மாமி. இன்னும் ஒரு கை வேலைதான்."

"அந்த ஒரு கையை எங்கே அடமானம் வெச்சிருக்கார் உங்க ஆசாரி?"

கல்யாணத்துக்கு முதல் நாளும் வந்துவிட்டது. அன்று மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலையில் நான் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னேன்: "மூக்குத்தி வந்தாலும் சரி, மூக்கே வந்தாலும் சரி, இன்னைக்கு இதத்தான் முடிக்கணும்." ஆசாரியும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தார். தாலி முடிந்துவிட்டது. சரடு கோப்பதற்கு மேலே ஒரு சின்ன வளையம் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. வளையத்தையும் வளைத்துப் பொருத்தி, கரித்துண்டின் மேல் எடுத்துவைத்தார்.

அப்போது தோல் கிடங்கிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். "ஆசாரி, ஜல்தி வாங்க! ஒருத்தன் கையி மெஷின்ல மாட்டிக்கிட்டு. விரல் வீங்கிட்டு, மோதிரம் களற மாட்டேங்கி!"

ஆசாரி சின்ன அரத்தையும் வெட்டுக் கத்தரியையும் எடுத்துக்கொண்டார். "இந்தா வந்துட்டம்ட்டி" என்றார். போய்விட்டார்.

இதற்கு நான் எப்படிக் கோபப்படுவது? ஒருவன் விரல் போகப்போகிறது. போகாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? அதுதான் எனக்கு எப்போதும் ஆத்திரம். அந்த மனிதர் தாமதம் செய்ததற்கெல்லாம் நியாயமான காரணம் இருக்கும். நிம்மதியாகத் திட்டக்கூட விடமாட்டார்.

மத்தியானம் ஆயிற்று. ஆள் வரவில்லை. விரலுக்குச் சொந்தக்காரனோடு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார் என்று தகவல் வந்தது. அதன் பின்னாலேயே மாமியின் குடையும் வந்தது.

"ஆசாரி இருக்காரா?"

"உள்ளதான் இருக்காவ" என்றது என் வாய். நான் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிற்று. அத்தனை நாள் பழக்கம்.

"நான் வாங்காமப் போறதா இல்லை. சாயங்காலம் ஸ்வாமி முன்னாடி வெச்சாகணும்" என்று மாமி வாசலில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த உட்கார்தலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி வெறும் பேச்சு செல்லாது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன்.

கரித்துண்டின் மேல் தாலி இருந்தது. எங்கள் ஆட்களில் பெண்பிள்ளை கம்பி இழுப்பாள், நகையைத் துலக்குவாள், கோப்பாள். ஊதுகுழலைத் தொட மாட்டாள், அதிலும் தாலிக்கு. ஆனால் அவர் பொடி வைத்து ஊதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். ஊதுவதற்கு நெஞ்சில் மூச்சுக்கும் குறைவில்லை. ஈர விறகைப் பதமாக ஊதி எரிய வைத்த ஊர்க்காரி நான். விளக்கை ஏற்றினேன். வெங்காரத்தைக் குழைத்துத் தடவினேன். வளையம் தாலியைத் தொடுகிற இடத்தில் பற்றுப்பொடியைச் சாமணத்தால் வைத்தேன். இசக்கியம்மனை நினைத்துக்கொண்டு குழலை வாயில் வைத்தேன்.

ஊத ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. மூக்கால் மூச்சை வாங்கி, கன்னத்தில் தேக்கி, ஒரே சீராகத் தீயைச் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொடி உருகி ஓடுகிற நேரத்துக்கும் தாலியே உருகிவிடுகிற நேரத்துக்கும் நடுவில் ஒரு கண் சிமிட்டல்தான்.

ஊதும் சத்தம் வெளியே கேட்டிருக்கிறது. மாமி திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ஓய் ஆசாரி! இப்பவாவது ஊதறீரே. நீர் என்ன மனுஷர்? ஒரு பொம்மனாட்டியை எத்தனை நாள் நடக்க விடுவீர்? நாக்குன்னு ஒண்ணு இருந்தா ஒரே பேச்சா இருக்க வேண்டாமா?"

வாயில் குழலை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்? அவருக்கு வர வேண்டிய வசவு அத்தனையும் கன்னம் உப்ப நான் வாங்கிக்கொண்டிருந்தேன். வெங்காரம் வெள்ளையாகப் பொங்கி அடங்கிக் கண்ணாடி போல் ஆயிற்று. பொன் சிவக்க ஆரம்பித்தது.

பிறகு மாமியின் குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"நீர் கோச்சுக்காதேயும். எனக்குப் பயம், அதான் கத்தறேன். அந்தப் பொன்னு வேற யாரோடதும் இல்லை. எனக்கு அவர் கட்டினது. அவர் போனப்புறம் பெட்டியில கிடந்தது. நானே கல்லால தட்டி உருத் தெரியாமப் பண்ணிக் கொண்டுவந்தேன். வேற நல்ல பொன் என்கிட்ட இல்லை. தப்போ சரியோ தெரியலை. சம்பந்தி மனுஷாளுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்தது. உமக்குச் சொல்லிட்டேன்."

என் மூச்சு ஒரு கணம் தடுமாறியது. தீ ஆடியது. கணவனை இழந்தவள் கழற்றிய தாலியையா நாளைக்கு ஒரு பெண் கழுத்தில் ஏற்றப்போகிறார்கள்? எங்கள் ஊரில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். நானும் அந்த ஊர்க்காரிதானே. ஆனால் பொன் செக்கச்செவேல் என்று நிற்கிறது. நிறுத்தினால் பற்றும் இல்லை, தாலியும் இல்லை, கல்யாணமும் இல்லை. யோசிக்க நேரம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. நேரம் இல்லை. ஊதினேன்.

பாதரசம் போல ஒரு மினுக்கு ஓடி வளையத்தைச் சுற்றி வந்தது. குழலை எடுத்துவிட்டேன்.

புளித்தண்ணீரில் போட்டு, துலக்கி, வெற்றிலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி தாலியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். உதட்டைச் சுற்றிக் கரி வட்டம். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஆசாரி உள்ளே இல்லையோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"எல்லாம் கேட்டுண்டயா?"

அதற்கும் தலையை ஆட்டினேன்.

மாமி புடவைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டார், கொஞ்சம் அழுத்தமாகவே. "யாராவது பார்த்தா என்ன நினைச்சுப்பா? போய் மூஞ்சியை அலம்பு" என்றார். தாலியை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, குடையை விரித்து, மழைக்குள் இறங்கிப் போனார்.

ஆசாரி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். விரல் தப்பிவிட்டதாம். கரித்துண்டு காலியாக இருப்பதைப் பார்த்து முகம் வெளிறிவிட்டது. நான்தான் ஊதிக் கொடுத்தேன் என்று சொன்னேன். திட்டுவாரா, பாராட்டுவாரா என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் கரித்துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பொடி ரொம்ப வச்சிருக்கட்டி."

அவ்வளவுதான். இதை விடவா ஒரு மனிதர் எரிச்சலூட்ட முடியும்? மாமி சொன்ன விஷயத்தை அவரிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அந்த ஒரு வார்த்தையில் வாயை மூடிக்கொண்டேன். கடைசிவரை சொல்லவே இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமியின் பிள்ளையும் மருமகளும் பிறகு டோம்பிவிலியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். சண்டை போட்டார்கள், குழந்தைகள் பெற்றார்கள், லோக்கல் ரயிலில் நசுங்கினார்கள், எல்லோரையும் போலத்தான். பேரக் குழந்தைக்கு அரைஞாண் செய்ய மாமி வந்தபோது ஆசாரி உள்ளேதான் இருந்தார். மாமி அவரைக் கூப்பிடவில்லை. "சின்ன வேலைதாண்டி. நீயே ஊதிக் கொடு" என்று என்னிடம் நீட்டினார். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் மட்டும் வந்தது. மறுநாள் பார்க்கிறேன், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு விளக்கும் புது ஊதுகுழலும் வைத்திருந்தார். எனக்குத்தான். வாயைத் திறந்து சொன்னாரா என்றால், இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்த ஒரே அறையில் இரண்டு தீயை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஊதினோம். ஊதும்போது பேச முடியாது. எங்கள் குடித்தனம் நிலைத்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

மாமி போனார். ஆசாரியும் போனார். எங்கள் வரிசையை இடித்துக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள் என்று ஆனபோது, நியாரியாக்காரன் ஒருவன் வந்தான். பட்டறை மண்ணைக் கழுவி, சிந்திய பொன்னைப் பிரித்தெடுக்கிறவர்கள் அவர்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தை முழங்கை ஆழத்துக்குத் தோண்டிச் சாக்கில் அள்ளினான். அடுப்புப் பக்கம் வந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான். "இங்கே என்ன இருக்கப்போகிறது, அம்மா சமைத்த இடம்தானே" என்று இந்தியில் சொன்னான்.

"தோண்டுடா" என்றேன்.

நான் போட்ட சத்தத்தில் தோண்டினான். இரண்டு சாக்கையும் தோளில் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு சந்து முனையில் திரும்பிப் போனான். என் பக்கத்து மண்ணில் என்ன கிடைத்தது என்று சொல்ல அவன் திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் அந்தச் சந்தும் இல்லை. எங்கள் தரை இருந்த இடத்தில் இப்போது லிஃப்ட்டுக்கு வெட்டிய குழி இருக்கிறது.