ரியூலிப்புக்கு மீன் உரம்

ஸ்காபரோவில் உரப்பையை மோந்து பார்த்து வாங்கிய முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எலும்புத்தூள்தான் நல்லது என்று கடைக்காரர் சொல்லியும், நாற்றத்துக்காகவே மீன் உரத்தை எடுத்தேன். அது யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியின் மணம்.

அங்கே அம்மா மீன் வெட்டுவா. தலையையும் குடலையும் அப்பா தேசிமரத்தடியில், எலுமிச்சைக்கு உரமாக, புதைப்பார். அவர் கைகழுவி முடிப்பதற்குள் எங்கள் நாய் கிளறிவிடும்.

"மரத்துக்கு வைச்சனீங்களோ, நாய்க்கு வைச்சனீங்களோ?" என்பா அம்மா. அப்பா மறுபடி மண்வெட்டியைத் தூக்குவார்.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறா. ஷெல்லடிக்குள்ளும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அப்பா அங்கேயே தனியாக நின்றுவிட்டார். திரும்பிப் போகவேண்டும் என்று அம்மா தினமும் கேட்கிறா. பூவைக் காட்டி மறிக்கலாம் என்றுதான் அந்த உரத்தைப் போட்டு ரியூலிப் கிழங்குகளை நட்டேன். விடியப் பார்த்தால் ரக்கூன் என்கிற இந்த ஊர்ப் பிராணி எல்லாவற்றையும் கிளறிப் போட்டிருந்தது. எங்கள் நாய்க்குக் கனடாவிலும் சொந்தக்காரர் இருந்திருக்கிறார்கள்.

"திரும்ப நடுறன், அம்மா. ஏப்ரல் கடைசியிலை பூக்கும். அதுவரைக்கும் நில்லுங்கோ."

அம்மா அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அங்கை உன்ரை அப்பாவுக்கு ஆர் மீன் வெட்டிக் குடுக்கிறது?"